"மாத்திருங்க"ன்னு சொல்றதுக்கு மெக்கானிக் எதுக்குங்க?

போன வாரம் அக்கா மகன் கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணினான். கார் என்னாச்சுன்னு கேட்டான். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு கடைசியில ஒரு வார்த்தை சொன்னான்: "என்ன இருந்தாலும் அது ஜுகாட் வேலை தானுங்க மாமா. ஹெட்டையே மாத்தியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

நல்ல பையன். என் மேல அக்கறையில சொன்னதுதான். ஆனா அந்த ஒத்தை வார்த்தை ரெண்டு நாளாத் தூங்க விடலைங்க. அதனாலதான் இதை எழுதறேன். அவனுக்கு மட்டும் இல்லை, அவனை மாதிரி நினைக்கற பட்டணத்து சொந்தங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல என் தப்பை ஒத்துக்கறேன். போல்ட்டை ஒடிச்சது நான்தான். சர்வீஸ் சென்டர்காரன் இல்லை, மெக்கானிக் இல்லை, நானேதான்.

எங்கிட்ட இருக்கறது பழைய சின்ன பெட்ரோல் கார். அம்மாவால பஸ் ஏற முடியாமப் போனப்ப, மஞ்சள் வித்த காசுல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அம்மாவுக்கு இப்ப செவ்வாயும் வெள்ளியும் ஈரோட்டுல டயாலிசிஸ். விடியக்காலம் 5 மணிக்குக் கிளம்பணும். மத்த நாள்ல அதே கார்ல தவிட்டு மூட்டையும் வரும், புண்ணாக்கும் வரும். எனக்கு அது கார் இல்லைங்க, இன்னொரு உழவு மாடு.

ஒரு சனிக்கிழமை பார்த்தா, இன்ஜின்ல தெர்மோஸ்டாட் கவர் ஓரமாத் தண்ணி கசிஞ்சிருக்குது. ரெண்டே போல்ட்டு. கழட்டி, பேக்கிங் மாத்தி, திரும்ப மாட்டினா முடிஞ்சது. பம்புசெட்டு இன்ஜினைப் பிரிச்சுப் பழகின கை, இதென்ன பிரமாதம்னு இறங்கினேன். ஒரு போல்ட்டு சுலபமா வந்துருச்சு. இன்னொண்ணு அசையலை. ஸ்பேனர் வாலுல ரெண்டரை அடி இரும்புப் பைப்பைச் சொருகி ஒரு அழுத்து அழுத்தினேன். "டக்"னு ஒரு சத்தம். போல்ட்டு தலை கையோட வந்துருச்சு, உடம்பு உள்ளேயே நின்னு போச்சு.

அது 8 எம்.எம். போல்ட்டு. ஒரு ஜாண் நீள ஸ்பேனர்ல பத்துக் கிலோ பலம் கொடுத்தாலே அந்த அளவுக்குப் போதுமான முறுக்கு வந்துரும். பைப்பு போட்டா அதே கை பலம் மூணு மடங்குக்கு மேல ஆயிரும். போல்ட்டு என்ன பண்ணும் பாவம்? நாம விவசாயிங்க எல்லாத்தையும் பலத்துல கழட்டிறலாம்னு நினைக்கறோம். அந்த நினைப்புக்கு முதல் செருப்படி அது.

ஏன் சிக்கிச்சுன்னு பின்னாடிதான் விளங்குச்சு. இன்ஜின் ஹெட்டு அலுமினியம், போல்ட்டு இரும்பு. ரெண்டு வேற வேற உலோகம் ஒட்டி இருந்து, நடுவுல தண்ணி ஈரம் பட்டுக்கிட்டே இருந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைத் தூளாப் பூத்துக்கும். அந்தத் தூளு மரைக்குள்ள போய் இறுகிக்கும். வருசக்கணக்கா இறுகினதை ஒரே அழுத்துல கழட்ட நினைச்சா வேற என்ன நடக்கும்?

திங்கக்கிழமை காலையில பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிக்கப்புல கட்டி இழுத்துக்கிட்டு டவுனுக்குப் போனோம். கம்பெனி சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம், எல்லாக் கம்பெனி சென்டரும் இப்ப ஒரே மாதிரிதான் இருக்குது. ஏ.சி. ரூம், கண்ணாடிக் கதவு, காப்பி மெசின். பானெட்டைத் திறந்து பார்த்தாங்க. செல்போன்ல போட்டோ எடுத்தாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கையில ஒரு பேப்பரைக் கொடுத்தாங்க. சிலிண்டர் ஹெட்டு புதுசு, கேஸ்கெட் செட்டு, கூலண்ட், ஆயில், லேபர், வரி. மொத்தம் 47,600 ரூபாய். பார்ட்ஸ் வர எட்டு நாள் ஆகும்னாங்க.

"ஏனுங்க, ஒரு போல்ட்டு ஒடிஞ்சதுக்கு முழு ஹெட்டா? அந்தத் துண்டை எடுக்க முடியாதுங்களா?"ன்னு கேட்டேன்.

"நாங்க அப்படி எல்லாம் பண்றதில்லைங்க சார். ரிஸ்க். மாத்திருங்க."

இந்த "மாத்திருங்க"தான் என் வயித்தெரிச்சல். முயற்சி பண்ணி முடியலைன்னு சொல்லியிருந்தா ஒத்துக்குவேன். ஒரு சொட்டு எண்ணெய் கூட விட்டுப் பார்க்கலைங்க. அந்த ஒடிஞ்ச துண்டை விரல்ல தொட்டுக் கூடப் பார்க்கலை. பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல பார்ட் நம்பரைத்தான். டாக்டர் நகச்சுத்திக்குக் கையையே எடுக்கச் சொன்னா நாம சும்மா இருப்போமா? காருக்குச் சொன்னா மட்டும் "கம்பெனிக்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கார்டைத் தேய்ச்சுட்டு வந்தர்றோம்.

வெளியில வேப்பமரத்தடியில தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். அங்க வேலை செய்யற ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும், கை துடைக்கற மாதிரி பக்கத்துல வந்தான். "அண்ணா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. வெளியில நல்ல லேத்துக்காரர் யாராவது இருந்தாக் காட்டுங்க. வந்துரும்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ளே போயிட்டான்.

அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. ஆனா தெரிஞ்சதைச் செய்ய அங்க இடம் இல்லை. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம்னு சென்டர்ல கணக்கு இருக்குது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருக்கறதுக்கு அந்தக் கணக்குல கட்டம் இல்லை. ஹெட்டை மாத்தினா பார்ட்ஸ்ல லாபம், லேபர்ல லாபம். போல்ட்டை எடுத்தா? ஒரு நாள் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கற வண்டி. அவ்வளவுதான் கணக்கு. "ரிஸ்க்"குங்கறது அந்தக் கணக்குக்குப் போட்ட சட்டை.

சாயங்காலமே காரைத் திரும்ப ஊருக்கே இழுத்துக்கிட்டு வந்து, எங்க ஊர்ப் பட்டறைக்காரண்ணன் கடையில விட்டேன். அறுபதைத் தாண்டினவர். தகரக் கொட்டாய், ஒரு பழைய லேத்து, ஒரு வெல்டிங் மெசின். அவர் கலப்பையும் பத்த வைப்பார், போர் மோட்டாரும் பிரிப்பார். எட்டிப் பார்த்தார். "பைப்பு போட்டியா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லலை. அவரும் எதிர்பார்க்கலை.

இனி அவர் செய்ததை வரிசையாச் சொல்றேன். ஜுகாட்டுன்னு சொல்றவங்க தயவு செஞ்சு பொறுமையாப் படிங்க.

திங்கக்கிழமை ராத்திரி அவர் செய்தது மூணே வேலை. கம்பி பிரஷ்ல அந்த இடத்தைப் பளிச்சுன்னு சுத்தம் பண்ணினார். துரு இளக்கற எண்ணெயை ஊத்தினார். ஒரு பஞ்சை வச்சு சின்னச் சுத்தியால ஒடிஞ்ச துண்டு மேல மெதுவா, டொக் டொக்குன்னு தட்டினார். அடிக்கறது இல்லை, தட்டறது. அந்த அதிர்வுல வெள்ளைத் தூளு நெகிழ்ந்து எண்ணெய் உள்ளே இறங்கும். "போயிட்டு நாளைக்கு வா"ன்னார். தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, விடிஞ்சதும் ஒரு தடவை எண்ணெய் விட்டிருக்கார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவை வாடகைக் கார்ல கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தேன். 1,800 ரூபாய். எட்டு நாள் காத்திருந்தா இன்னும் ரெண்டு தடவை அதே வாடகை. டயாலிசிஸ் ஹெட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காதுங்க.

சாயங்காலம் போனேன். ஒடிஞ்ச போல்ட்டு மட்டத்துக்கு மட்டமா நின்னிருந்தது. பிடிக்கறதுக்கு நுனி இல்லை. "நடுவுல ஓட்டை போட்டு ஈஸி அவுட் விட்டுத் திருகினா வராதுங்களாண்ணா?"ன்னு கேட்டேன். நானும் கொஞ்சம் கேள்விப்பட்டவன் தானே.

அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "வரும். ஆனா அது கடைசி வழி. ஈஸி அவுட் கெட்டி இரும்பு. முறுக்கறப்ப ஒடிஞ்சா அது உள்ளே நின்னுக்கும். அப்புறம் சாதா டிரில் பிட் அது மேல ஏறாது. ஒரு பிரச்சனையோட வந்தவன் ரெண்டோட போவான். ஓட்டை ஒரு நூல் தள்ளிப் போனா பிட்டு இரும்பை விட்டுட்டு அலுமினியத்துல இறங்கிரும். மரையே போயிரும்."

எந்த வழியில போகக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கறது பேர் ஜுகாட்டா?

முதல்ல பேட்டரி ஒயர் ரெண்டையும் கழட்டினார். வெல்டிங் கரண்ட்டு வண்டியோட கம்ப்யூட்டருக்குப் போயிறக் கூடாதுன்னு. பெட்ரோல் டியூப்பை ஒதுக்கி ஈரச்சாக்குப் போட்டு மூடினார். பக்கத்துல ஒரு வாளித் தண்ணி. அப்புறம் ஒடிஞ்ச துண்டு மேல வெல்டிங் ராடுல புள்ளி புள்ளியா வச்சுக் கொஞ்சம் உயரம் ஏத்தினார். இரும்பு ராடு இரும்புல பிடிக்கும், சுத்தி இருக்கற அலுமினியத்துல பிடிக்காது. அந்த மேட்டு மேல ஒரு நட்டை வச்சு, நட்டோட ஓட்டைக்குள்ள வெல்டிங் வச்சு ரெண்டையும் ஒண்ணாக்கினார். ஒடிஞ்ச போல்ட்டுக்குப் புதுத் தலை.

சிவப்பு ஆறின பின்னாடி ஸ்பேனர் போட்டுத் திருகினார். நட்டு பிச்சுக்கிட்டு வந்துருச்சு. எனக்கு வயிறு கலங்குச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை, இன்னொரு நட்டை எடுத்தார். அதுவும் பிச்சுக்கிச்சு. அப்புறம் ஒரு பீடி. பத்து நிமிசம் பேசவே இல்லை.

மூணாவது நட்டு வைக்கறதுக்கு முன்னாடி கேஸ் டார்ச்சுல சுத்தி இருந்த அலுமினியத்தைப் பதமாச் சூடு பண்ணினார். ஒரே சூட்டுல அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். அதனால ஓட்டை கொஞ்சம் அகலும், போல்ட்டு அந்த அளவுக்கு விரியாது. வெல்டிங் சூட்டுல போல்ட்டும் விரிஞ்சு, ஆறும்போது சுருங்கி, தூளோட பிடி விட்டுப் போகும். இது ஒண்ணும் மந்திரம் இல்லைங்க. நான் பத்தாவது சயின்ஸ்ல படிச்சதுதான். நான் பரீட்சையில எழுதிட்டு மறந்தேன். அவர் பரீட்சை எழுதாம ஞாபகம் வச்சிருக்கார்.

மூணாவது நட்டுல ஸ்பேனரை வச்சு, முதல்ல இறுக்கற பக்கமா ஒரு துளி. அப்புறம் கழட்டற பக்கமா ஒரு துளி. எண்ணெய். திரும்ப. "கிர்ர்"னு ஒரு சத்தம் வந்துச்சு. "அசைஞ்சுருச்சு"ன்னார். அப்பவும் அவசரப்படலை. கால் சுத்து முன்னாடி, அரைக்கால் சுத்து பின்னாடி. எங்க மாடு கன்னு போடறப்ப வைத்தியர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. மாடு முக்கறப்ப இழு, அது மூச்சு வாங்கறப்ப நீயும் சும்மா இரு. அதே பக்குவம். முக்கால் மணி நேரத்துல முழுத் துண்டும் வெளியே வந்துருச்சு.

வந்த பின்னாடியும் விடலை. அதே அளவு டேப்பை மரைக்குள்ள கையால ஓட்டி வெள்ளைத் தூளை எல்லாம் வழிச்சு எடுத்தார். காத்தடிச்சு ஊதினார். புதுப் போல்ட்டுல இனிமே பிடிச்சுக்காம இருக்கறதுக்கு ஒரு கிரீசைத் தடவி, முதல்ல விரலாலேயே முழுசும் ஏத்தினார். விரல்ல ஏறலைன்னா மரை கோணல்னு அர்த்தமாம். அப்புறம் ஸ்பேனரை என் கையில கொடுத்து, "நுனியில புடிக்காதே, நடுவுல புடிச்சு இறுக்கு"ன்னார். கூலண்ட் ஊத்தி, காத்து எடுத்து, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

எவ்வளவுங்கண்ணான்னு கேட்டேன். 600 ரூபாய் கேட்டார். போல்ட்டு, பேக்கிங், ராடு எல்லாம் சேர்த்து. வெள்ளிக்கிழமை விடியக்காலம் 5 மணிக்கு அம்மா அந்தக் கார்லதான் ஈரோடு போனாங்க. இன்னைக்கு வரைக்கும் போயிக்கிட்டு இருக்காங்க.

இப்பச் சொல்லுங்க. நோயைப் பார்த்து, காரணத்தைப் புரிஞ்சு, சேதாரம் குறைஞ்ச வழியில ஆரம்பிச்சு, முடியலைன்னா அடுத்த படிக்குப் போறது ஜுகாட்டா? இல்லை, ஒண்ணையும் தொட்டுப் பார்க்காம பெட்டியைப் பிரிச்சுப் புதுசை மாட்டறது வேலையா? ஜுகாட்டுன்னா ஒப்பேத்தறது. பட்டறைக்காரண்ணன் ஒப்பேத்தலைங்க. சரி பண்ணினார். ரெண்டுக்கும் பட்டணத்துல ஒரே பேர் வச்சுட்டீங்க. அதுதான் எனக்கு வலிக்குது.

"கிராமத்து மெக்கானிக் எல்லாரும் தங்கமா?"ன்னு கேப்பீங்க. இல்லை. உளியை வச்சு அடிச்சு மரையையே நாசம் பண்ணி அனுப்பறவங்களும் இருக்காங்க. நானே ஒருத்தன், பைப்பு போட்டவன். அதே மாதிரி எல்லாத்தையும் பழுது பார்த்தே ஓட்டணும்னும் நான் சொல்லலை. பிரேக், ஸ்டியரிங் போல்ட்டுல கஞ்சத்தனம் காட்டாதீங்க. ஒரு தடவைதான் உபயோகிக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கற ஹெட்டு போல்ட்டைத் திரும்ப மாட்டாதீங்க. மரையே போயிருந்தாலும் வழி இருக்குது. பெரிசாத் துளைச்சு ஹெலிகாயில்னு ஒரு கம்பிச் சுருளை உள்ளே ஏத்தினா அதே அளவுல புது மரை வந்துரும். அதுவும் முடியலைன்னா ஹெட்டை மாத்துங்க, நானே கூட வர்றேன். மாத்தறது கடைசிப் படியா இருக்கட்டும். முதல் படியா இருக்கறதுதான் அநியாயம்.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லைங்க. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. எதுக்கு? ஸ்பேர் பார்ட்ஸையும், பழுது பார்க்கற விவரங்களையும், கருவிகளையும் வெளி மெக்கானிக்குங்களுக்குக் கிடைக்க விடாமப் பண்ணினாங்கன்னு. வெளியில பழுது பார்த்தாங்கங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டி கிடையாதுன்னு மொத்தமாக் கை விரிக்கக் கூடாதுன்னும் சொல்லுச்சு. கம்பெனிங்க அப்பீலுக்குப் போனாங்க. 2022-ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை"க்குன்னு ஒரு குழு போட்டது. செல்போன், வீட்டுச் சாமான், கார், விவசாயக் கருவி, இந்த நாலையும் அதுல சேர்த்தாங்க. அந்த டிசம்பர்லயே ஒரு இணையதளமும் வந்துச்சு. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல விவசாயிங்க தங்களோட டிராக்டரைத் தாங்களே பழுது பார்த்துக்கறதுக்கு 2023-ல சட்டமே போட்டாங்க. பெரிய பெரிய பண்ணைக்காரனுக்கே அங்க சட்டம் தேவைப்படுதுன்னா, மூணு ஏக்கராக்காரன் நான் எம்மாத்திரம்?

இன்னொண்ணு. ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கி எடுக்கறதுக்குப் 13-லேர்ந்து 15 யூனிட் கரண்ட்டு ஆகும். எங்க பக்கத்து மேட்டூர்ல அலுமினிய ஆலை ஓடினதையும், அதுக்காகச் சேர்வராயன் மலையிலயும் கொல்லிமலையிலயும் பாக்சைட் வெட்டினதையும் பார்த்த தலைமுறை நாங்க. ஒரு மலையை வெட்டி எடுத்த உலோகத்தை, ஒரு விரல்நுனி அளவு இரும்புத் துண்டுக்காகக் குப்பையில போடச் சொல்றாங்க. வீட்டுல சுற்றுச்சூழல் பத்திக் குழந்தைங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க இதையும் கொஞ்சம் யோசிங்க.

கடைசியா, எனக்கும் சேர்த்தே ஒரு சாட்டை. 600 ரூபாய் கேட்டப்ப என் வாயில முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? "ஐநூறு வச்சுக்கங்கண்ணா." பழக்க தோசம். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே வெக்கமாப் போச்சு. 47,600-க்குப் பேரம் பேசத் துணிச்சல் இல்லாதவன், ரெண்டு நாள் உழைச்ச மனுசங்கிட்ட நூறு ரூபாய்க்குப் பேசறேன். ஆயிரமாக் கொடுத்துட்டு வந்தேன். வாங்க மாட்டேன்னார், சட்டைப் பையில வச்சுட்டு வந்தேன்.

அவரோட மகன் இப்பத் திருப்பூர்ல ஒரு குடோன்ல சூப்பர்வைசர். "இந்தக் கரியில உக்காந்து என்னத்தைக் கண்டே?"ன்னு அவனை அனுப்பி வச்சதே அவர்தான். பட்டறையில பழகறதுக்கு ஒரு பையன் இல்லை. இன்னும் பத்து வருசத்துல அந்தத் தகரக் கொட்டாய் பூட்டிக் கிடக்கும். அன்னைக்கு என் கார்ல போல்ட்டு ஒடிஞ்சா "மாத்திருங்க"ன்னு சொல்றவன் மட்டும்தான் இருப்பான். நிறுத்தினது கம்பெனிக்காரன் மட்டும் இல்லைங்க. நூறு ரூபாய் குறைச்ச நாமளும்தான்.

அதனால மாப்ளே, உனக்கும் உன்னை மாதிரி இருக்கறவங்களுக்கும் நான் கேக்கறது இவ்வளவுதான். அடுத்த தடவை எவனாவது "மாத்திருங்க"ன்னு சொன்னா, "சரி பண்ண என்ன முயற்சி பண்ணினீங்க?"ன்னு கேளு. பதிலைப் பேப்பர்ல எழுதித் தரச் சொல்லு. மாத்தினா, கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்கு. உங்க ஏரியாவுல ஒரு நல்ல லேத்துக்காரர் எங்க இருக்கார்னு இன்னைக்கே தெரிஞ்சு வச்சுக்கோ. சின்ன வேலையாப் பார்த்து அவர்கிட்ட கொண்டு போ, கேட்ட கூலியைக் கொடு. அவர் மகன் அந்தத் தொழிலுக்குத் திரும்ப வர்ற அளவுக்குக் கொடு.

பொங்கலுக்கு வர்றப்ப உன் காரையும் கொண்டுக்கிட்டு வா. பட்டறைக்காரண்ணனைக் காட்டறேன். அவர் முன்னாடி நின்னு அந்த ஜுகாட்டுங்கற வார்த்தையைச் சொல்ல முடியுதான்னு பார்க்கலாம்.